நான் பார்க்காத கிராமத்தின் வரலாறு

ஒரு நாட்டில் சட்டப்படி வசிக்கும் அகதி, அந்த நாடு கொடுத்த பயண ஆவணத்தை வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இன்னொரு நாட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத பயணமாக விசா இல்லாமல் போகலாம். ஐரோப்பிய நாடுகள் சில தமக்குள் செய்துகொண்ட பழைய உடன்பாடு இது. ஜெர்மனி கையெழுத்திட்டிருந்தது. இங்கிலாந்தும் கையெழுத்திட்டிருந்தது. அதன் ஆங்கிலப் படியையும் ஜெர்மன் படியையும் போட்டோப் பிரதி எடுத்து, உரிய பிரிவுக்குச் சிவப்பு மையால் கோடிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கோட்டின் உள்பையில் வைத்திருந்தேன்.

விதி என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் ஒரு துறைமுகத்தின் பக்க அறையில், செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வசந்த காலத்து ஒரு சனிக்கிழமை. ஆங்கிலக் கால்வாயின் அந்தக் கரை, அதாவது இங்கிலாந்துக் கரை. அறையில் ஈரக் கம்பளி வாசனை. யாரோ காகிதக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். பால் அதிகம், சீனி இல்லை.

அலுவலர் இளைஞர். முகமெல்லாம் செம்புள்ளிகள். மிகவும் மரியாதையானவர். அதுதான் கொடுமை. என் நீல நிறப் பயண ஆவணத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "இப்படியொரு உடன்பாடு பற்றி நான் கேள்விப்பட்டதில்லை, ஐயா" என்றார்.

"நீங்கள் கேள்விப்படாததால் அது இல்லாமல் போய்விடாது" என்றேன் நான், எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஆங்கிலத்தில்.

இன்று யோசித்தால், என்னைத் திருப்பி அனுப்பியது அந்த வசனம்தான் என்று படுகிறது. அவர் சிவந்தார். விசாரித்துச் சொல்லக்கூடிய அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும் என்றார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஜன்னல் வழியே எங்கள் பஸ் தெரிந்தது. உள்ளே இருந்த ஜெர்மன்காரர் எல்லாரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் சிலர் கை அசைத்தார்கள். நானும் அசைத்தேன். வேறென்ன செய்வது?

சங்கமும் தங்கையும்

அந்த பஸ்ஸுக்குள் நான் எப்படி ஏறினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் வசித்தது வட ஜெர்மனியில் ஒரு சிறு நகரம். நான் கச்சேரியில், அதாவது யாழ்ப்பாணத்து மாவட்டச் செயலகத்தில், கோப்புகளோடு கோப்பாக ஓய்வு வயதை நெருங்கி, அதை எட்டுமுன்னே அகதியாகி அங்கே போய்ச் சேர்ந்தவன். ஊரிலுள்ள தமிழ்ச் சனத்துக்கெல்லாம் அன்ட்ராக், அதாவது ஜெர்மன் விண்ணப்பப் படிவம், நிரப்பிக் கொடுப்பது என் வேலை. சம்பளம் இல்லாத வேலை என்பதால் யாரும் பறிக்க முயலவில்லை.

ஆங்கிலப் பத்திரிகை வாசிக்க நகர நூலகத்துக்குப் போவேன். அங்கேதான் திருமதி பேரென்ஸ் அறிமுகமானார். ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவி. தங்கள் சங்கத்துக்கு இங்கிலாந்தில் ஒரு சினேகக் கிராமம் வேண்டும், ஆனால் யாருக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றார்.

எனக்கு இங்கிலாந்தில் ஒரேயொரு கிராமம்தான் தெரியும். தென்கரைக்கு அப்பால் வைட் தீவில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. மிகச் சிறிய இடம், இங்கே எழுதினால் அங்கே தும்முவார்கள். என் தங்கை யோகேஸ்வரி, எங்களுக்கு யோகம், கணவரோடு அங்கே தபால் கந்தோரும் பலசரக்குக் கடையும் சேர்ந்த ஒரு கடையை நடத்திவந்தாள். அந்தக் கிராமத்தின் ஒரே தமிழ்க் குடும்பம் அது. ஒரே கறுப்புக் குடும்பமும் அதுதான்.

நான் எழுதினேன். கிராம சபைக்கு ஒன்று, திருச்சபைக்கு ஒன்று, பிரதி சங்கத்துக்கு. பதில்கள் வந்தன. வந்த பதில்களுக்கு இலக்கமிட்டேன். ஒரு வருடத்தில் பயணம் முடிவாயிற்று: பஸ்ஸில் போவது, கிராம மண்டபத்தில் தேநீர், மொழிபெயர்ப்பாளர் நான்.

யோகம் தொலைபேசியில் துள்ளினாள். அம்மாவின் செத்த வீட்டுக்குப் பிறகு நாங்கள் நேரில் சந்திக்கவில்லை.

"அண்ணை, கோட்டுப் போட்டுக்கொண்டு வாங்கோ. அந்தச் சாம்பல் கோட்டு."

"பஸ்ஸிலை கோட்டு கசங்கும், பிள்ளை."

"கசங்கினாலும் பரவாயில்லை. நான் எத்தினை வருசமா இந்த ஊரிலை தனியாளா நிக்கிறன். நல்ல சனம்தான். ஆனா ஒருத்தரும் என்ரை ஆக்களைக் கண்டதில்லை. நான் ஏதோ பார்சலிலை வந்திறங்கின மாதிரி நினைக்கினம். எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார், அவர் இப்பிடி ஒரு ஆள் எண்டு அவை ஒருக்காக் காணவேணும்."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். நான் மண்டபத்துக்குள் நடந்துபோக வேண்டும். மற்ற எதையும் அவள் கேட்கவில்லை.

கூரை வீடுகளும் பீப்பாய்களும்

பயணத்துக்கு முன் சங்கத்தின் கூட்டத்தில் நான் ஒரு பேச்சுக் கொடுத்தேன். யோகம் அனுப்பிய படங்களைச் சுவரில் காட்டி, கிராமத்தின் வரலாறும் பார்க்கத்தக்க இடங்களும் என்று தலைப்பிட்டு, ஜெர்மனில். பார்க்காத ஊரைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசிய மனிதரை அந்த நகரம் அதற்குமுன் கண்டிருக்காது.

முதலில் தேவாலயம். நோர்மன் காலத்துக் கோபுரம். உள்ளே, வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில், மங்கிப்போன ஓவியம்: குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனிதர். பிரயாணிகளின் காவலர். உள்ளே வராமல், வாசலில் நின்றபடியே கும்பிட்டுவிட்டு வழியைப் பார்த்துப் போகலாம் என்பதற்காக அப்படி வரைந்தார்களாம்.

பிறகு வீடுகள். வைக்கோலாலும் நாணலாலும் வேய்ந்த கூரைகள், கல் சுவர்கள், சுவரில் ரோஜாக்கொடி. எங்கள் பக்கத்தில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீட்டுக்காரன் ஓட்டுக்கு மாற ஏங்குவான். அங்கே கூரையில் கை வைக்கவே முன் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டுமாம். விண்ணப்பம் என்று வாசித்ததும் எனக்கு அந்தக் கிராமத்தின் மேல் தனி மரியாதை பிறந்தது.

அதற்கப்பால் கடலுக்கு இறங்கும் ஆழமான மண்பிளவு. இரு பக்கமும் பன்னச்செடி. அதன் அடியில் சிறு மணற்கரை. பழைய கரையோரப் பாதை இப்போது இல்லை. கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

கடைசியாகக் கடத்தல்காரர்கள். இந்தப் பகுதிதான் கூட்டத்துக்கு அதிகம் பிடித்தது. பிரான்சிலிருந்து பிராந்திப் பீப்பாய்கள் வரும். கல்லைக் கட்டிக் கடலடியில் தாழ்த்திவைப்பார்கள். இருட்டியதும் தூக்கிவந்து தேவாலய முற்றத்துக் கல்லறைகளுக்குள் ஒளிப்பார்கள். பாதிரியாருக்குத் தெரியும். பாதிரியாருக்கு ஒரு பீப்பாய்.

பின்னர் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபோது இது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பீப்பாய்களுக்கு எந்த ஆவணமும் இருக்கவில்லை. அவை எல்லாம் உள்ளே போய்விட்டன.

அந்தோனி சொன்னது

எச்சரிக்கை இல்லாமல் நான் போகவில்லை. எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் அந்தோனி இருந்தான். மன்னார்க்காரன், பேக்கரியில் வேலை. அவனிடமும் நீல ஆவணம்தான். ஒருமுறை லண்டனுக்குப் போய்வந்தவன்.

"அண்ணை, எதுக்கும் விசா ஒண்டைக் குத்திக்கொண்டு போங்கோ."

"தேவையில்லை. விதி இருக்கு."

"விதி உங்களுக்குத் தெரியும். அங்கை நிக்கிறவனுக்குத் தெரியவேணுமே."

"அவனுக்குத் தெரியாட்டி அது அவன்ரை குறை."

"குறை அவன்ரைதான். ஆனா திரும்பி வாறது நீங்கள்." பாண் மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "முத்திரைதானே அண்ணை. குத்தினா உங்கடை புத்தகம் தேஞ்சு போயிடுமோ?"

தேவையில்லாத விசாவைக் கேட்டு விண்ணப்பிப்பது, தேவை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது. கச்சேரியில் இருபத்தைந்து வயதில் நான் கற்றுக்கொண்ட தத்துவம் இது. அதை நான் அந்தோனிக்கு விளக்கினேன். அவன் கொட்டாவி விட்டான்.

கைப்பிடி

என் கச்சேரி அறைக்கு வெளியிலும் ஒரு நீள மர வாங்கு இருந்தது. மனுக் கொடுக்க வந்தவர்களை அதில் இருக்கச் சொல்வோம். அவர்கள் அங்கே இருந்து எதைப் பார்ப்பார்கள் என்று எனக்கு அந்நாளில் தெரியாது. துறைமுகத்தில் தெரிந்தது. கதவின் கைப்பிடியைத்தான் பார்ப்பார்கள். அது அசைகிறதா என்று.

அசைந்தது. வந்தது அலுவலர் அல்ல, திருமதி பேரென்ஸ். எப்படியோ அனுமதி வாங்கி உள்ளே வந்திருந்தார்.

"நாங்கள் காத்திருக்கிறோம். எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். திங்கட்கிழமை வரை வேண்டுமானாலும்."

அவர் நிஜமாகவே சொன்னார். பஸ்ஸில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு நீரிழிவு ஊசி.

தீவுக்குப் போகும் கப்பலின் நேர அட்டவணை எனக்கு மனப்பாடம். அடுத்ததை விட்டால் மண்டபத்துத் தேநீர் ஆறிவிடும். "போய்விடுங்கள்" என்றேன். மண்டபத்தில் பேசுவதற்கு நான் எழுதி வைத்திருந்த ஆங்கில உரையை அவர் கையில் கொடுத்தேன். "என் தங்கையிடம்..." என்று தொடங்கினேன்.

"அதை எங்களிடம் விடுங்கள்" என்றார் அவர்.

பஸ் புறப்பட்டபோது அவர்கள் கை அசைக்கவில்லை. எல்லாரும் நேரே முன்னால் பார்த்தபடி போனார்கள். என்னைப் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று யாரோ உள்ளே சொல்லியிருக்க வேண்டும்.

என்னை மாலைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். செம்புள்ளி இளைஞர் என் பெட்டியைத் தூக்கிவந்தார். உள்ளே யோகத்துக்குக் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் பனம்பழப் பினாட்டும், அவள் கணவருக்கு ஒரு கழுத்துப்பட்டியும் இருந்தன.

திங்கட்கிழமை பாண் வாங்கப் போனேன். பட்டினி கிடக்க முடியாதல்லவா? அந்தோனி கடையின் பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இங்கிலாந்து கிட்டத்தான் போலை! இவ்வளவு கெதியா வந்திட்டியள்."

நான் சில்லறையை எண்ணினேன். அவன் முகம் மாறியது. சூடான பாண் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, வெளியே வந்து, என் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் தொடர்ந்து நக்கலடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

காய்ச்சல்

பஸ் திரும்பி வந்தது. திருமதி பேரென்ஸ் என் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு தகரப் பேணியோடு. மூடியில் அந்தக் கிராமத்தின் படம்: கூரை வீடு, ரோஜாக்கொடி, பின்னால் கோபுரம்.

"உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டோம்" என்றார். அவர் காதுமடல் சிவந்திருந்தது. வாழ்க்கையில் அதிகம் பொய் சொல்லிப் பழகாத பெண்மணி. "புறப்படும்போதே காய்ச்சல், வீட்டிலேயே நின்றுவிட்டீர்கள் என்று."

என் உரையை அவரே வாசித்தாராம். எழுதியிருந்ததை ஒரு எழுத்தும் மாற்றாமல். "யாழ்ப்பாணக் கச்சேரியில் முப்பது வருடம் பணிபுரிந்த நான், இன்று என் அன்புத் தங்கையின் ஊருக்கு வந்திருக்கிறேன்" என்று ஒரு ஜெர்மன் மூதாட்டி சொன்னதைக் கேட்டு மண்டபம் முதலில் திகைத்து, பிறகு கைதட்டியதாம்.

பேணியைத் திறந்தேன். வறுத்த கொத்தமல்லி, வேர்க்கொம்பு என்கிற சுக்கு, மிளகு. காய்ச்சலுக்கு எங்கள் வீட்டில் அம்மா அவித்துத் தரும் சாமான். தனித்தனிக் காகிதச் சரைகளாகச் சுற்றியிருந்தது. கூடவே ஒரு வாழ்த்து அட்டை: விரைவில் குணமடைக. முன்பின் என்னைக் காணாத ஊர்ச்சனம் அத்தனை பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

இரவு யோகம் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, காய்ச்சல் விட்டிட்டுதோ?"

இப்போது நான் உண்மையைச் சொல்லலாம். சொன்னால், திருமதி பேரென்ஸ் பொய்க்காரி ஆவார். அந்த மண்டபத்துச் சனம் முன்னால் யோகம் என்ன ஆவாள்?

"ஓம், இப்ப பரவாயில்லை."

"மல்லித்தண்ணி அவிச்சனியளோ?"

"ஓம்."

"ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலை பாதிரியார் உங்களுக்காக ஜெபம் சொன்னவர். பேரைச் சொல்லி. நானும் போய் இருந்தனான்."

பிரயாணிகளைக் காக்கும் புனிதரின் ஓவியத்துக்கு முன்னால், நோர்மன் கோபுரத்துக்குக் கீழே, முழுக் கிராமமும் முழந்தாளிட்டு என் இல்லாத காய்ச்சலைத் தணிக்க மன்றாடியிருக்கிறது. தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். கொத்தமல்லியை அவித்தேன். குடித்தேன். கைத்தது. அதையாவது உண்மையாக்க வேண்டும் என்று தோன்றியது.

விசாரணை

மறுநாளே எழுதினேன். உரிய அதிகாரிக்கு, உரிய பிரிவைக் காட்டி, பிரதிகள் இணைத்து. எனக்கு விசா தேவைப்பட்டதா இல்லையா, எழுத்தில் தெரியப்படுத்தவும். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். உங்கள் கடிதம் கவனத்தில் உள்ளது என்று அச்சடித்த அட்டை வந்தது. அந்த வாசகம் எனக்குப் புதிதல்ல. கச்சேரியில் நானே ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன். கவனத்தில் உள்ளது என்றால் எங்கே உள்ளது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த கோடையில் கிராமத்தார் எங்கள் ஊருக்கு வந்தார்கள். யோகமும் வந்தாள். கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, மூன்று நாளைக்கு. தலை முழுக்க நரைத்திருந்தது. என் குசினிக்குள் வந்து, அலுமாரியில் இருந்த பேணியைக் கண்டதும் சிரித்தாள்.

"இன்னும் வைச்சிருக்கிறியளோ?"

"நல்ல பேணி."

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? உங்கடை கால் இப்ப எப்பிடி?"

"கால் எதுக்கு?"

"அண்டைக்கு மண்டபத்திலை அந்தத் தலைவி அம்மா உங்களுக்குக் காய்ச்சல் எண்டா. பின்னாலை வந்த லூடர்ஸ் எண்ட மனிசன் கால் முறிஞ்சு போச்சு எண்டான். பஸ் ஓட்டினவரைக் கேட்டன். அவர் சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்."

நான் பேணியின் மூடியைத் திறந்து மூடினேன்.

"பாவங்கள், பொய்யைக்கூடக் கதைச்சுப் பேசிக்கொண்டு வரேல்லை. அப்பவே விளங்கிட்டுது, உங்களைப் போர்ட்டிலை மறிச்சுப் போட்டாங்கள் எண்டு."

"பிறகேன் காய்ச்சல் எண்டு ஊரெல்லாம் சொன்னனி?"

"கால் முறிவுக்கு என்னட்டை மருந்து இருக்கேல்லை. காய்ச்சலுக்குத்தான் இருந்தது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு குரல் தாழ்ந்தது. "என்ரை அண்ணனைக் கள்ளனைப் போல மறிச்சு வைச்சிருக்கினம் எண்டு அந்தச் சனத்துக்குச் சொல்ல எனக்கு ஏலாது அண்ணை. அதுதான் ஜெபத்துக்கும் நானே போய்ப் பேரைக் குடுத்தன்."

எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை நான் விதியால் மூடப் பார்த்தேன். கடிதங்கள் வைத்திருந்த கோப்பை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். உடன்பாட்டைக் காட்டினேன். சிவப்புக் கோட்டைக் காட்டினேன்.

அவள் கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்தாள். தபால் கந்தோர் நடத்துபவள், வாசிக்கத் தெரிந்தவள்.

"நீங்கள் சொன்னது சரிதான். சரியா இருந்துகொண்டு இஞ்சை இருக்கிறியள். பிழையா ஒரு விசாவை எடுத்துக்கொண்டு அங்கை வாங்கோ. சனம் இன்னும் உங்களைக் கேக்குது."

"பதில் வரட்டும், பிள்ளை. எழுத்திலை வந்த உடனை வாறன்."

அவள் கோப்பை மூடி என் பக்கம் தள்ளினாள். மூடும்போது மூலை மடங்காமல் கவனமாக மூடினாள்.

பதில்

ஒவ்வொரு வருடமும் சங்கத்தின் பஸ் போய்வந்தது. இன்னொரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார், ஆங்கிலம் கொஞ்சம் சுமார். வருகிறவர்களிடம் தேவாலயச் சுவர் எப்படி, மண்பிளவில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த கூட்டத்தில் நானே பேச்சுக் கொடுத்தேன். கிராமத்தைப் பற்றி என்னை விட நன்றாகத் தெரிந்தவர் சங்கத்தில் இல்லை என்று திருமதி பேரென்ஸ் மேடையில் சொல்வார். நான் எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொள்வேன்.

விசா விண்ணப்பம் ஒரு தாள். இருபது நிமிட வேலை. ஊரில் எத்தனை பேருக்கு நான் அதை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

யோகம் கேட்பதைக் குறைத்தாள். பிறகு கேட்கவில்லை. கணவருக்கு நெஞ்சு சரியில்லை, மகன் டொரொண்டோவுக்குக் கூப்பிடுகிறான் என்றாள். கடையை விற்கப் போவதாக ஒருமுறை சொன்னாள். தபால் முகப்பை மூடிவிட்டு அதைத் தேநீர்ச்சாலை ஆக்கப் போகிறார்களாம், வாங்குகிறவர்கள்.

ஒருநாள் காலையில் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, இப்பத்தான் கடைத் திறப்பை வாங்கினவையட்டைக் குடுத்தன். சனமெல்லாம் வந்து வாசலிலை நிண்டது. பாதிரியாரும் வந்தவர். உங்கடை அண்ணர் ஒருக்காலும் வரேல்லையே எண்டு கேட்டார்."

"நீ என்ன சொன்னனி?"

"அவருக்கு அடிக்கடி காய்ச்சல் வாறது எண்டு சொன்னன்."

அன்று மத்தியானம் தபாற்பெட்டியில் ஒரு நீளமான உறை இருந்தது. உள்ளே ஒரே தாள். கால தாமதத்துக்கு வருந்துகிறோம். தாங்கள் குறிப்பிட்ட உடன்பாட்டின்படி தங்களுக்கு விசா தேவைப்பட்டிருக்கவில்லை என்பதை உறுதிப்படுத்துகிறோம். ஏற்பட்ட சிரமத்துக்கும் வருந்துகிறோம். இனிவரும் பயணங்களில் இந்தக் கடிதத்தைத் தாங்கள் காட்டலாம்.

நின்றபடியே வாசித்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. கீழ் வீட்டில் அந்தோனி வேலைக்குப் போயிருந்தான். அவன் இருந்திருந்தாலும் காட்டியிருக்க மாட்டேன்.

வந்த கடிதத்தின் வலது மேல் மூலையில், கிடைத்த திகதியைக் கையால் எழுதுவது கச்சேரிப் பழக்கம். சிவப்புப் பேனாவை எடுத்து, கோடு எதுவும் போடாமல், அதை மட்டும் எழுதினேன்: ஒக்டோபர் 31, வெள்ளிக்கிழமை.